கூலி உழவுக்குப் போகும் மிசின்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

என்னிடம் இருப்பது மாசி பெர்குசன் 240 உழவு மிசின் (டிராக்டர்). மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் எனக்குச் சொந்தமாக நாலு ஏக்கர் வயல்தான். மிசின் ஓடுவது முழுக்க மற்றவர்களுடைய வயலில். புரட்டாதியில் புழுதி உழவு தொடங்கினால் பரந்தன், கண்டாவளை, பூநகரி என்று சுற்றி, மழை இறுகுமுன் விதைப்பு முடிய வேண்டும். சிறுபோகத்துக்கு இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் சேற்று உழவு. இந்தச் சில கிழமைகளில் உழைக்கிற காசுதான் வருடம் முழுவதுக்கும்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் குளிர்காலத்தில் பிக்கப் வாகனத்தின் முன்னால் தகடு பூட்டிப் பனி தள்ளுகிறான். அவனும் கூலிக்குத்தான். இரவில் பனி கொட்டினால் விடியமுன் கடை வாசல்கள் வெளித்திருக்க வேண்டும். முன்னால் தொங்கும் தகட்டின் பாரத்தில் முன்சில்லு மூட்டுகள் ஆடிப் போகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி அடிப்பதில், வண்டி முழுதாக நிற்குமுன் கியரை மாற்றிவிடுவதால் கியர்ப்பெட்டி சூடேறிக் கருகுகிறது. வீதியில் கொட்டுகிற உப்பு அடித்தகட்டைத் தின்கிறது. போனில் இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, என் மிசினின் பழுதுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது போல இருந்தது. நேர் கோட்டில் உழும்போது மிசினுக்கு அவ்வளவு சேதம் இல்லை. திருப்பத்தில், வரம்பு ஏறி இறங்குவதில், ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்கு அவசரமாக ஓடுவதில்தான் அது தேய்கிறது. கீழே எழுதியிருக்கிற பழுதுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கின்றன. ஆகவே அறிகுறி தெரிந்தால், "எங்கே தேய்த்தேன்" என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இல்லாவிட்டால் புதுச் சாமான் போட்டாலும் அடுத்த போகத்தில் அதே இடம் போகும்.

எஞ்சின் இரைகிறது, மிசின் இழுக்கவில்லை

சேற்றில் கலப்பையை இறக்கியதும் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆனால் சில்லு சுற்றவில்லை. கருகிய மணமும் வருகிறது. சில்லு சுற்றி வழுக்கினால் அது சேற்றுக் குற்றம். சில்லு நிற்க எஞ்சின் மட்டும் இரைந்தால் கிளச் வழுக்குகிறது. இந்த வித்தியாசத்தை முதலில் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பக்கத்தில் நிற்கிற ஒருவரைச் சில்லைப் பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்ததாகக் கிளச் மிதியைக் கையால் அமத்திப் பாருங்கள். இறுகுமுன் கொஞ்சம் சும்மா போக வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் உடனே இறுகினால், கிளச் தட்டு தேயத் தேய இடைவெளி குறைந்து, இப்போது தட்டு முழுதாகப் பிடிக்காமல் நிற்கிறது. கம்பியை முறுக்கி இடைவெளியைக் கைநூலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தால் பல மிசின்கள் அந்தப் போகத்தை ஓடி முடித்துவிடும். இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டு முடிந்திருக்கலாம், அல்லது எஞ்சின் பின்சீல் கசிந்து தட்டில் ஒயில் பட்டிருக்கலாம். கிளச் கூட்டின் அடியில் ஒரு சிறிய துளை இருக்கும். அதில் ஒயில் சொட்டினால் தட்டை மட்டும் மாற்றி விடாதீர்கள். சீலை மாற்றாமல் தட்டை மாற்றியவர்கள் இரண்டு கிழமையில் திரும்பவும் மிசினை நடுவில் பிரித்திருக்கிறார்கள். நானும் ஒருதரம் அப்படிப் பிரித்தேன். தட்டின் காசை விடப் பிரித்துப் பூட்டுகிற கூலியும் போன இரண்டு நாளும்தான் பெரிய நட்டம்.

மிதித்தால் மட்டும் "கிர்ர்" என்று கேட்டு, விட்டால் நின்றால் அது கிளச் பெயாரிங். இதற்குக் காரணம் அனேகமாக ஓட்டுகிறவரின் கால். திருப்பம் வரும் வரும் என்று மிதியிலேயே பாதம் வைத்திருப்பது ஒரு பழக்கமாகிவிடும். சின்ன வயல்களில் நிமிடத்துக்கு ஒரு திருப்பம் வருகிறது. என் மிசினுக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிற தம்பிக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, திரும்பி முடிந்ததும் பாதத்தை மிதியில் இருந்து முழுதாக எடுத்துக் கால் வைக்கிற பலகையில் வை என்பதைத்தான்.

இரட்டைக் கிளச் உள்ள மிசினில் பாதி மிதித்தால் ஓட்டம் நிற்கும், முழுக்க மிதித்தால் பின்னால் பூட்டிய கருவியைச் சுழற்றுகிற பின்தண்டும் நிற்கும். ஓட்டம் சரியாக வெட்டுகிறது, ரொட்டவேற்றர் (சுழல்கிற கத்திகளால் மண்ணைக் கிளறுகிற கருவி) மட்டும் நிற்கவில்லை என்றால் இரண்டாவது தட்டின் அளவு பிசகியிருக்கிறது. அதைக் கராஜில்தான் சரி செய்ய வேண்டும். அதுவரைக்கும் சுழல்கிற ரொட்டவேற்றருக்குப் பின்னால் ஒருவரையும் நிற்க விடாதீர்கள்.

பின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறது

எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி இதுதான். வெளியே ஒன்றும் தெரியாது, மிசின் நன்றாக ஓடும். ஆகவே ஒருவரும் பார்ப்பதில்லை.

சேற்று உழவில் அச்சு வரைக்கும் தண்ணீருக்குள் நிற்கிறோம். மத்தியான வெயிலில் வேலை செய்து சூடான அச்சுக்கூடு, மாலையில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த இழுப்பில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். சேற்றில் வழுக்காமல் இருக்கப் பின்சில்லோடு பூட்டுகிற இரும்புச் சில்லு இருந்தால் அச்சு ஆட்டம் இன்னும் கூட, சீலும் கெதியாகத் தேயும்.

மாசி 240இல் கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஹைட்ரோலிக் தூக்கிக்கும் ஒரே ஒயில். அச்சுச் சீலில் புகுந்த தண்ணீர் தூக்கியின் பம்பையும் போய்ச் சேர்கிறது. "கலப்பை தூக்கவில்லை" என்று கராஜுக்கு வருகிற மிசின்களின் கதை பலதரம் அச்சுச் சீலில்தான் தொடங்கியிருக்கும்.

சோதிப்பது சுலபம். மிசினை இரவு முழுவதும் ஆடாமல் மட்டமான இடத்தில் விடுங்கள். விடியப்புறம், எஞ்சினைத் தொடுமுன், அடியில் உள்ள வடிபூட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரம் என்பதால் அடியில் போய் இருக்கும். இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஒரு சிரட்டையில் பிடித்துப் பாருங்கள். சில சொட்டுத் தண்ணீர் வந்து பிறகு தெளிந்த ஒயில் வந்தால் பூட்டை இறுக்கி, வேலை முடிந்ததும் சீலைப் பார்க்கலாம். ஒயில் முழுக்க வெளிறிக் கலங்கியிருந்தால் அந்த ஒயிலோடு இன்னும் ஒரு ஏக்கர்கூட அடிக்க வேண்டாம். வடித்து, சல்லடைப் பில்ரரைக் கழற்றிக் கழுவி, புது ஒயில் விட்டு, சீலையும் மாற்றுங்கள். ஒயில் விலை கையைச் சுடும் என்பது தெரியும். ஆனால் பல்லுச் சில்லும் பெயாரிங்கும் துருப்பிடித்தால் அந்தச் செலவோடு இது ஒப்பிடவே முடியாது.

ஒரு விசயம் மாறிப் போகக்கூடாது. கலங்கியிருப்பது எஞ்சின் ஒயில் என்றால் அது வேறு பழுது. அங்கே தண்ணீர் வருவது ரேடியேற்றரில் இருந்து; அனேகமாக ஹெட் கஸ்கற் போயிருக்கும். எஞ்சினை நிறுத்துங்கள், திரும்ப எழுப்ப வேண்டாம்.

சூடு ஏறுகிறது

புழுதி உழவில் இது அனேகமாக ரேடியேற்றரின் முகத்தில் இருக்கும். போன போகத்து வைக்கோல் தும்பும் புழுதியும் சேர்ந்து கம்பளி போலப் படிந்துவிடும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னால் இருந்து அடித்தால் தும்பு இன்னும் உள்ளே இறுகும். தகடுகள் மெல்லியவை, வாகனம் கழுவுகிற கடைப் பம்பை நெருக்கிப் பிடித்தால் மடங்கிவிடும்.

அது சுத்தமாக இருந்தால் பான் பெல்ற். பெருவிரலால் நடுவில் அமத்தினால் கைநூலில் சொன்ன அளவுக்கு இறங்கலாம். அதற்கு மேல் என்றால் வழுக்குகிறது.

முள் ஏறத் தொடங்கியதும் கலப்பையைத் தூக்கிப் பாரத்தை எடுத்து, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு இறங்க விடுங்கள். பெல்ற் அறுந்திருந்தால், அல்லது ஆவி பறந்தால், உடனே நிறுத்த வேண்டும். மூடியை அப்போது திறக்காதீர்கள். கொதிதண்ணீர் முகத்தில் அடித்தவரை எனக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணீரைச் சூடான எஞ்சினுக்குள் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஒரு மரநிழலில் அரைமணி இருங்கள். வயல்காரர் அவசரப்படுத்துவார். "அண்ணை, இந்த மூலையை மட்டும் அடிச்சு விடுங்கோ" என்பார். அந்த மூலையை நாளைக்கும் அடிக்கலாம்.

புகையும் இழுவைக் குறைவும்

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்றுப் போகவில்லை, அல்லது நோசில் சரியாகத் தூவவில்லை. முதலில் காற்றுச் சல்லடை. ஒயில் கிண்ணம் உள்ள மாதிரி என்றால், புழுதி உழவு நாட்களில் ஒவ்வொரு நாளும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு போலப் படிந்திருக்கும். கழுவி, கோடு வரைக்கும் மட்டும் புது ஒயில் விடுங்கள். கோட்டுக்கு மேல் விட்டால் எஞ்சின் அதை இழுத்துக் குடிக்கும். ஒயிலை மாற்றப் பஞ்சிப்பட்டால் புழுதி நேரே சிலிண்டருக்குப் போகிறது. நீலப் புகை வரத் தொடங்குவதும் ஒயில் குறைவதும் பிறகு அதனால்தான். எஞ்சின் ஒயிலையும் நான் கைநூல் சொல்கிற மணித்தியாலத்துக்குக் காத்திருப்பதில்லை. புழுதி உழவு முடிந்ததும் ஒருதரம், சேற்று உழவு முடிந்ததும் ஒருதரம் மாற்றிவிடுவேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி, பிறகு நின்றால் டீசல் போகிற வழியில் தண்ணீரோ அழுக்கோ காற்றோ இருக்கிறது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்ததை எல்லாம் கான்களில் சேர்த்து வைத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பாதி வெறுமையான கான் வெயிலிலும் பனியிலும் கிடந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். கானில் இருந்து ஊற்றும்போது அடியில் உள்ள கடைசிப் பங்கை ஊற்ற வேண்டாம். மேலே உள்ளதை மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள்.

பில்ரர் கிண்ணத்தை வடித்துக் கழுவிப் பூட்டிய பிறகு காற்றை எடுக்க வேண்டும். பில்ரரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பிறகு பெரிய பம்பில் உள்ள திருகுகளிலும் அதே வேலை. கடைசியாக நோசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஸ்ராட்டர் அடித்தால், டீசல் பீறியதும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். பீறுகிற இடத்தில் விரலை வைக்காதீர்கள். அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இவ்வளவும் செய்தும் ஒரு மணித்தியாலத்தில் திரும்ப நின்றால், தொட்டியில் இருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரிகிற இடம் அதுவாக இருக்கும்.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சில நிமிடம் வந்து மறைந்தால் பயம் இல்லை.

வீதியில் ஓடும்போது பின்சில்லு ஆடுகிறது

இறங்கி நட்டுகளைப் பாருங்கள். நட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு வடிந்த கோடு தெரிந்தால் அது கன நாளாகத் தளர்ந்து ஆடுகிறது. இரும்புச் சில்லு பூட்டிக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும், ஓடிய முதலாவது மணித்தியாலத்துக்குப் பிறகு நிறுத்தி, திரும்ப இறுக்க வேண்டும். இதை நான் தவறவிட்ட ஒரே ஒரு நாளில் நட்டு ஏறுகிற தண்டு இரண்டு முறிந்தது.

நட்டு இறுக்கமாக இருந்தும் ஆடினால், பின்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். "டக் டக்" என்றால் அச்சுப் பெயாரிங். இரும்புச் சில்லு வெளியே நீண்டு நிற்பதால் அச்சின் நுனியில் பாரம் கூடுகிறது. சேற்றில் அதைத் தாங்கும். தார் வீதியில் தாங்காது. ஒவ்வொரு கம்பியும் சம்மட்டி போல அடிக்கும், வீதியும் உடையும். பரந்தனில் இருந்து பூநகரிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்துக்கு இரும்புச் சில்லை இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே பூட்டுங்கள். அரை மணித்தியாலம் போகும், அச்சு மிஞ்சும்.

ரொட்டவேற்றர் அதிர்கிறது

கத்திகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு கத்தி போயிருந்தால் அதிரத்தான் செய்யும். இடம், வலம் என்று வளைந்த கத்திகளை மாற்றிப் பூட்டியிருந்தாலும் அப்படித்தான். கத்தி சரி என்றால் இணைப்புத் தண்டின் மூட்டு. ரொட்டவேற்றரைச் சுழல விட்டபடியே முழு உயரத்துக்குத் தூக்கி வரம்பு ஏறுகிறவர்களுக்கு இந்த மூட்டு ஒரு போகம் வராது. கோணம் கூடினால் மூட்டு தட்டித் தட்டித்தான் சுற்றும். வரம்புக்கு முன்னால் சுழற்சியை நிறுத்தித் தூக்குங்கள்.

பக்கப் பெட்டியில் ஒயில் கசிந்தால் தண்டின் நுனியைப் பாருங்கள். வைக்கோலும் பழைய வலைநூலும் சுற்றிச் சீலை அறுத்திருக்கும். எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

சுக்கான் ஆடுகிறது, முன்ரயர் ஒரு பக்கம் தேய்கிறது

வரம்பை நேரே ஏறாமல் சரிவாக ஏறுவதால் ஒரு முன்சில்லு தனியே அடி வாங்குகிறது. முன்னச்சு ஊசியும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் கிறீஸ் அடித்தால் மூன்று வருடம் வருகிற புஷ், அடிக்காவிட்டால் ஒரு வருடம்.

சேற்றில் புதைந்துவிட்டது

முறிகண்டிக்கு அப்பால் செம்மண்ணும் சரளையும் என்றால் மன்னாரில் முருங்கன் பக்கம் கறுத்த களிமண். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களி எடுத்த மண் அது. நனைந்தால் சில்லோடு ஒட்டிக்கொண்டு விடாது. அங்கே கூலிக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

பின்சில்லுக்கு முன்னால் மரக்குற்றியைக் கட்டி ஏற்றப் பார்க்காதீர்கள். சில்லு சுற்ற முடியாமல் இறுகினால் அதற்குப் பதிலாக மிசினின் முன்பக்கம் எழும்பி, கண் மூடித் திறக்குமுன் பின்னால் ஓட்டுகிறவர் மேல் கவிழும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கலப்பையைக் கழற்றுங்கள். சில்லின் பின்னால் மண்ணைத் தோண்டி, வந்த வழியே பின்னுக்கு எடுக்கப் பாருங்கள். இன்னொரு மிசினால் இழுப்பதானால், இழுக்கிற மிசினில் சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் கொழுவுங்கள். மேல் இணைப்பில் கொழுவினால் அந்த மிசினும் எழும்பும்.

கலப்பையில் இரும்பு தட்டுகிறது

கனகாலம் உழாத காணியில் கொழு எதிலாவது தட்டினால், அது பாலை வேரா, கல்லா, இரும்பா என்று தெரியாமல் இரண்டாம் தரம் இழுக்க வேண்டாம். இரும்பு போலத் தெரிந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். மிசினின் சில்லுத் தடத்திலேயே கால் வைத்து வந்த வழியே வெளியே வாருங்கள். தொட வேண்டாம், தடியால் கிளற வேண்டாம். தூரத்தில் ஒரு கொப்பை நட்டு அடையாளம் வைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்க்கும்வரை மிசின் அங்கேயே நிற்கட்டும். கூலிக்கு ஒத்துக்கொள்ளும்போதே, "இந்தக் காணியைக் கடைசியாக எப்போது உழுதீர்கள்" என்று கேட்பதை நான் வழக்கமாக்கி வைத்திருக்கிறேன்.

பழுது ஒன்றும் இல்லை, ஆனால் கையில் காசும் இல்லை

இதையும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்கிறேன். டீசலுக்கும் ஓட்டுகிறவருக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சுவதை எல்லாம் லாபம் என்று நினைத்தால், கிளச்சும் ரயரும் அடுத்த வருடத்துக் கடனாக வரும். நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வயல்காரர் பெயர், ஏக்கர், மணி மீற்றர் தொடக்கம், முடிவு, ஊற்றிய டீசல். பத்து ஏக்கர் அடித்தால் ஒரு ஏக்கரின் கூலி மிசினுக்கென்று தனியே போகும். சில வயல்களில் ஒரு ஏக்கருக்குப் போகிற நேரம் மற்ற வயல்களைப் போல ஒன்றரை மடங்கு என்பது அந்தக் கொப்பியால்தான் தெரிந்தது. துண்டு துண்டாக வரம்பு கட்டிய வயல்கள் அவை. அப்படியான வயலுக்கு இப்போது ஏக்கர்க் கணக்கில் பேசாமல் மணிக்கணக்கில் பேசுகிறேன். முதலில் மனவருத்தப்பட்டவர்களும் கொப்பியைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள்.

துரு

பூநகரியில் கடலேரியை அண்டிய வயல்களில் மண்ணிலேயே உப்பு. மொட்டைக்கறுப்பன் நெல் அதைத் தாங்கும், மிசின் தாங்காது. அங்கே உழுத நாளில் வீட்டுக்கு வந்து பிறகு பார்க்கலாம் என்று விட்டால், விடியும்போது பிறேக் கம்பியிலும் சில்லு விளிம்பிலும் மஞ்சள் பூத்திருக்கும். அன்றன்றே, சேறு காயுமுன், நல்ல கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பற்றரியையும் டைனமோவையும் நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு கிறீஸ் முனைகள் எல்லாவற்றுக்கும் பம்பை வைத்து, பழைய கிறீசும் தண்ணீரும் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். கொழுக்களில் பழைய ஒயிலைத் துணியால் பூசிவிடுங்கள். மச்சானிடமும் இதைத்தான் சொன்னேன். அவனுக்கு அங்கே குளிரில் தண்ணீர் அடித்தால் கதவுப் பூட்டு உறைந்துபோகுமாம். ஆகவே வெயில் எறிக்கிற நாளாகப் பார்த்து அடித்தகட்டைக் கழுவுகிறான்.